அப்பாவோடு பேசும் திரையையும் அணைக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளின் பேச்சு வளர்ச்சி பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்தது. பல விஷயங்களை எளிமையாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நடுவே கட்டம் கட்டி, 'இரண்டு வயது வரை எந்தத் திரையும் கூடாது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்களே, அந்த ஒரு வரியால் பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் ஒரு தகப்பனும் மகளும் முகம் பார்க்க முடியாமல் இருக்கிறார்கள்.

மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மருமகள் காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். 20 மாதப் பேத்தி பகல் முழுக்க ஆச்சி என்னிடமும் அவள் ஐயாவிடமும்தான் (எங்கள் பக்கத்தில் தாத்தாவை ஐயா என்போம்). சாயங்காலம் ஆறு மணிக்கு, அங்கே எட்டரை, மகன் வீடியோ காலில் வருவான். கட்டுரையைப் படித்த அன்றே மருமகள் அதை நிறுத்திவிட்டாள். "படம் வேண்டாம் அத்தை, குரல் மட்டும் கேட்கட்டும். பேப்பர்லயே போட்டுட்டாங்க" என்கிறாள். படித்த பெண், பிள்ளையின் நலனுக்காகத்தான் செய்கிறாள். அவளிடம் போய்ச் சண்டை போட முடியுமா? அதனால் உங்களிடம் வருகிறேன்.

நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. யார் எதைச் சொன்னாலும் மூலத்தில் என்ன இருக்கிறது என்று தேடுவது எனக்குத் தொழில் வழியாக ஒட்டிக்கொண்ட வியாதி. தேடினேன். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்று இருப்பது உண்மை. ஆனால் உறவினர்களோடு அவ்வப்போது வீடியோ காலில் பேசுவதற்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2016-இல் சொன்னதும் அப்படித்தான்: 18 மாதத்துக்குள் திரை வேண்டாம், வீடியோ காலைத் தவிர. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை ஒரு வயதுக் குழந்தைக்கு வேண்டாம் என்பது, உட்கார்ந்த இடத்தில் டிவி, வீடியோ பார்ப்பதையும் விளையாட்டு ஆடுவதையும். உங்கள் கட்டத்தில் அந்த விலக்கு மட்டும் விடுபட்டுவிட்டது.

இடம் போதவில்லை என்று வெட்டியிருக்கலாம். ஆனால் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வீட்டுக்கு ஒருவர் வெளியே இருக்கும் எங்கள் பக்கத்தில், வெட்டக்கூடாத இடம் அதுதான்.

விலக்கு சும்மா இரக்கப்பட்டுக் கொடுத்ததும் அல்ல. 2014-இல் ரோஸ்பெரி, ஹிர்ஷ்-பாசெக், கோலின்காஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டிலிருந்து இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புது வினைச்சொற்களைக் கற்பித்துப் பார்த்தார்கள். சிலருக்கு நேரில், சிலருக்கு வீடியோ காலில், சிலருக்கு முன்கூட்டியே பதிவு செய்த வீடியோவில். நேரில் கேட்டவர்களும் வீடியோ காலில் கேட்டவர்களும் கற்றுக்கொண்டார்கள். பதிவைப் பார்த்தவர்கள் கற்கவில்லை. மூன்று வருஷம் கழித்து லாரன் மையர்ஸ் குழுவினர் இன்னும் சிறிய குழந்தைகளிடம், ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை உள்ளவர்களிடம், ஒரு வாரம் இதைச் செய்தார்கள். அந்த வாரம் முடிந்ததும், வீடியோ காலில் பேசியவரைக் குழந்தைகள் அடையாளம் கண்டுகொண்டார்கள். அவர்களில் மூத்தவர்கள் சொற்களையும் பிடித்துக்கொண்டார்கள். பதிவில் அதே ஆள் அதே பேச்சைப் பேசியும் அவ்வளவு பலன் இல்லை. திரை இரண்டிலும் திரைதான். ஒன்றில் குழந்தை சிரித்தால் எதிரில் இருப்பவரும் சிரிக்கிறார், கரண்டியைக் காட்டினால் கரண்டியைப் பற்றிப் பேசுகிறார். மற்றதில் குழந்தை தலைகீழாக நின்றாலும் அவர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவார்.

கண்டிக்க வேண்டியது இந்த இரண்டாவது ரகத்தைத்தான். அதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். ஒன்பது மாதம், பத்து மாதம்தான் ஆகியிருக்கும். போனில் இங்கிலீஷ் பாட்டு வீடியோவை ஓடவிட்டு, பிள்ளை வாய் பிளந்து பார்க்கும்போது சோற்றைத் திணிக்கிறார்கள். கேட்டால், "இப்பவே காதுல விழுந்தா இங்கிலீஷ் நல்லா வரும் ஆச்சி" என்று பதில். காதில் விழ வேண்டும் என்பது சரி. 1984-இல் கனடாவில் வெர்க்கரும் டீஸும் செய்த ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டு ஆறேழு மாதக் குழந்தைகள் இந்தியின் 'த', 'ட' ஒலிகளைப் பிரித்துக் கேட்டன. ஆங்கிலம் பேசும் பெரியவர்கள் திணறுகிற வேறுபாடு அது. ஒரு வயது நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறமை போய்விட்டது. ஆக, வீட்டில் புழங்கும் மொழிக்குக் காது சீக்கிரமே பழகிவிடுகிறது. சரி, வீடியோவில் கேட்டால் போதுமா? 2003-இல் பட்ரீஷியா கூல் அதைச் சோதித்தார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் 12 முறை உட்கார்ந்து விளையாடினார்கள், கதை படித்தார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுவிட்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, டிவியில் காட்டியபோது ஒன்றுமே ஏறவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டில் இங்கிலீஷ் வரப்போவதில்லை. போகிற நேரம் போய்விடும்.

கட்டுரையில் இன்னொன்றும் உறுத்தியது. வசதியில்லாத வீட்டுக் குழந்தை நான்கு வயதுக்குள் மூன்று கோடி சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று அதை உலக உண்மைபோல எழுதிவிட்டீர்கள். அது அமெரிக்காவின் கான்சாஸில் ஹார்ட்டும் ரிஸ்லியும் 42 குடும்பங்களைப் பார்த்து 1995-இல் எழுதிய புத்தகத்திலிருந்து பெருக்கி எடுத்த கணக்கு. பிற்பாடு ஸ்பெரி குழுவினர் ஐந்து அமெரிக்கச் சமூகங்களில், தாய் மட்டுமல்லாமல் வீட்டில் உள்ள மற்றவர்கள் பேசுவதையும், குழந்தையின் காதுபட நடக்கும் பேச்சையும் சேர்த்து எண்ணினார்கள். அந்தப் பெரிய இடைவெளி அப்படியே நிற்கவில்லை. எங்கள் வளவில் (பூர்விக வீட்டில்) முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லாப் புள்ளிகளும், அதாவது பங்காளிக் குடும்பங்களும், கூடும் நாளில் வந்து எண்ணினால் என்ன கணக்கு வருமோ! பிள்ளை ஒருத்தி இடுப்பிலிருந்து இன்னொருத்தி இடுப்புக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். மற்ற நாட்களில் வீடு பூட்டிய அறைகளும் நாங்களும்தான், அதையும் சொல்லியாக வேண்டும்.

எண்ணிக்கையைவிட மாறி மாறிப் பேசுவது முக்கியம் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரேச்சல் ரோமியோ குழுவினர் 2018-இல், நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, கதை கேட்கும்போது அவர்கள் மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். கேட்ட சொற்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், பெரியவரும் பிள்ளையும் எத்தனை முறை மாறி மாறிப் பேசினார்கள் என்பதே மூளையின் மொழிப் பகுதியோடு ஒத்துப்போனது. இதைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கலாம்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குத் தகப்பன் இல்லாத வீடு புதிதல்ல. என் மாமனார் பினாங்கில் இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். என் வீட்டுக்காரர் முதன்முதலில் அவரைப் பார்த்தபோது "யார் இது" என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம். இன்றும் குடும்பத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. பேத்தி அப்படி இல்லை. ரிங் அடித்ததும் "அப்பச்சி" (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்று பட்டாலைக்கு, அதாவது கூடத்துக்கு, ஓடுவாள். மகன் நம்மிடம் வரவு செலவு பேசாமல் முதலில் அவளிடம்தான் பேசுவான். அவள் முறுக்கை நீட்டுவாள், அவன் கடிப்பதுபோல் செய்வான். மருமகளோ நானோ பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பச்சி எங்கே போறாங்கன்னு கேளு" என்று எடுத்துக் கொடுப்போம். இப்படி யாராவது கூட இருக்க வேண்டும். போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவது பிரயோசனமில்லை.

குறை இல்லாமலும் இல்லை. நெட் நின்று மகன் முகம் உறைந்துபோனால் பேத்தி முதலில் சிரித்துக் காட்டுவாள், கை நீட்டுவாள், கத்துவாள், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் செய்த ஆய்வில், தாய் கொஞ்ச நேரம் முகத்தை அசைக்காமல் வைத்திருந்தபோது குழந்தைகள் இதையேதான் வரிசையாகச் செய்தன. அந்த நேரத்தில் நான் உடனே போனை அணைத்து அவளைத் தூக்கிக்கொள்வேன். நெட்டுக்கும் ஏதாவது வழி பண்ணச் சொல்லி மகனிடம் கேட்டிருக்கிறேன், அது வேறு கதை.

ஆகவே, விடுபட்ட அந்த விலக்கை அதே பக்கத்தில் ஒரு திருத்தமாகப் போட வேண்டுகிறேன்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கட்டுரையில் வந்தவை எல்லாமே வெளிநாட்டுக் குழந்தைகள். தமிழ்க் குழந்தைகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் விகுதிகளை அவர்கள் சின்ன வயதிலேயே எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ராகவேந்திராவும் லெனார்டும் 1989-இல் எழுதினார்கள். 'இல்லை', 'வேண்டாம்' என்று மறுத்துப் பேச எப்படிக் கற்கிறார்கள் என்று வைத்தியநாதன் 1991-இல் எழுதினார். அவற்றைப் பற்றியும் ஒரு ஞாயிறு எழுதுங்கள். காரைக்குடியில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கிருந்து எந்த ஆய்வு மாணவராவது ரெக்கார்டரோடு வந்தால் எங்கள் வீட்டு முகப்பில் இடம் உண்டு. 'வேண்டாம்' மட்டும் பேத்தியிடம் நாள் முழுக்கப் பதிவு செய்யலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பள்ளத்தூர்