அப்பா இட்ட ஆணையைக் குறித்து

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. அப்பா இருந்த லாட்ஜில், அதாவது பிரீமேசன் என்கிற சகோதர சங்கத்தின் கிளையில், சேரும்படி அவருடைய பழைய நண்பர் ஒருவர் உன்னை அழைத்திருக்கிறார் என்றும், ஞாயிறுதோறும் திருவிருந்தில் பங்குபெறுகிற ஒருவன் அங்கே போய் மண்டியிட்டு ஆணையிடலாமா என்று உனக்குத் தெளிவில்லை என்றும், அப்பா இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்திருந்தார் என்று எனக்குத் தெரிந்திருக்குமே என்றும் எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்தது பாதிதான். அந்தப் பாதியும் அவர் சொல்லித் தெரிந்ததல்ல, இருபத்தாறு வருடம் கூட இருந்து பார்த்துத் தெரிந்தது.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுகிறேன். இவர்கள்தாம் மறைவில் இருந்துகொண்டு உலகத்தை ஆட்டுவிக்கிறார்கள், உள்ளே சாத்தானைத் தொழுகிறார்கள் என்கிற கதைகளை நான் ஒருநாளும் நம்பியதில்லை. மாதம் ஒருமுறை கூடுவதற்கே பாதிப் பேர் பிந்தி வருகிற சங்கம் அது. நீ சிறுவனாயிருந்தபோது ஒரு போதகர், அப்பாவிடம் ஒரு வார்த்தையும் விசாரிக்காமல், பிரசங்கத்தில் அந்தக் கதைகளைச் சொன்னார். அப்பா அடுத்த மூன்று ஞாயிறும் திருவிருந்துக்கு எழுந்து போகாமல் இருக்கையிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று ஞாயிறுகளை நான் அந்தப் போதகருக்கு இன்னும் முழுமையாக மன்னித்தபாடில்லை. ஆனால், பொய்க் குற்றச்சாட்டுகளை மறுப்பதிலேயே அப்பா தம் வாதத் திறமையெல்லாம் செலவழித்துவிட்டு, உண்மையாகவே கேட்கவேண்டியிருந்த கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டார் என்பதும் என் எண்ணம்.

இந்தச் சங்கத்தை இப்போதுள்ள உருவில் அமைத்தவர்களே சபை ஊழியர்கள்தாம் என்று அவர் அடிக்கடி சொல்வார். அது மெய். 1717இல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் கூடி, லாட்ஜுகளுக்குத் தலைமையான முதல் கிராண்ட் லாட்ஜை ஏற்படுத்தியதாகச் சங்கத்தின் மரபு சொல்கிறது. 1723இல் அச்சான அதன் சட்டநூலைத் தொகுத்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகர். அதற்கு முன்பே அதன் தலைவராக, கிராண்ட் மாஸ்டராயிருந்த ஜான் டெசகுலியர்ஸ் ஆங்கிலிக்கன் குருவானவர். 1953இல் எலிசபெத் அரசிக்கு முடிசூட்டிய காண்டர்பரிப் பேராயர் ஜெஃப்ரி ஃபிஷரும் உறுப்பினரே. ஆனால் இந்தப் பட்டியல் எதையும் தீர்க்காது. 1877இல் கிராண்ட் ஓரியண்ட் என்கிற பிரான்ஸின் தலைமை லாட்ஜ், உறுப்பினருக்குக் கடவுள் நம்பிக்கை வேண்டும் என்ற விதியை நீக்கி, அதனால் இங்கிலாந்து லாட்ஜுகளின் உறவை இழந்தது. அப்படி நீக்கும்படி எடுத்துரைத்தவரும் ஃபிரெடெரிக் டெமோன் என்கிற ஒரு புரொட்டஸ்டண்ட் போதகர்தான். அப்பாவிடம் ஒருநாள் இதைச் சொன்னபோது, நீ எங்கே இதையெல்லாம் படிக்கிறாய் என்று மட்டும் கேட்டார்.

கேள்வி ஆணையைப் பற்றியது. "பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்" என்று மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொல்கிறார். யாக்கோபு தம் நிருபத்தின் முடிவில் அதையே திரும்பச் சொல்கிறார். குவேக்கர்கள், மெனோனைட்டுகள் என்கிற கிறிஸ்தவப் பிரிவினர் இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, நீதிமன்றத்திலும் சத்தியம் செய்ய மறுத்தவர்கள். நம் சபை வந்த ஆங்கிலிக்கன் மரபு அவ்வளவு தூரம் போகவில்லை. அந்த மரபின் முப்பத்தொன்பது கோட்பாடுகளில் கடைசியானது, வீணாகவும் பதற்றமாகவும் ஆணையிடுவதை விலக்கி, அதிகாரி கேட்கும்போது, விசுவாசத்துக்கும் அன்புக்கும் உரிய காரியத்தில், நீதியோடும் நிதானத்தோடும் உண்மையோடும் ஆணையிடலாம் என்கிறது. பவுலும் கொரிந்தியருக்கு எழுதும்போது தேவனைத் தமக்குச் சாட்சியாக அழைக்கிறார். ஆகவே ஆணை என்றாலே பாவம் என்று நான் உனக்குச் சொல்லப்போவதில்லை. யார் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்று மட்டும் பார். நீதிமன்றம் கேட்கிறது என்றால், அங்கே ஒருவருடைய உயிரோ உடைமையோ உன் சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது. லாட்ஜில் நீ காக்கவேண்டியது சில சைகைகள், சில சொற்கள், கைகுலுக்கும் ஒரு முறை. கைகுலுக்கும் முறையைக் காப்பதற்குக் கடவுளுடைய நாமத்தை ஏன் கூப்பிடவேண்டும் என்பதற்கு அப்பா எனக்குக் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

அவர் ஆணையிட்ட காலத்தில், மீறினால் தொண்டை அறுக்கப்படுவதாக என்பது போன்ற தண்டனை வாசகங்களும் அதில் சேர்ந்தே இருந்தன. அது வெறும் அடையாளச் சொல் என்பார்கள். அடையாளமாகக்கூட ஒரு கிறிஸ்தவன் தன்மேல் வரவழைத்துக்கொள்ளத் தகாதது அது என்று உள்ளேயே பலருக்கு உறுத்தியிருக்கவேண்டும். 1986இல் இங்கிலாந்தின் ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் அவற்றை ஆணையிலிருந்து எடுத்துவிட்டது. உன்னைக் கேட்கும்போது அவை இருக்கமாட்டா என்று நண்பர் சொல்லக்கூடும். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். என்னை உறுத்துவது அந்த வாசகங்களல்ல.

கண் கட்டப்பட்டு, என்ன சொல்லப்போகிறோம் என்று அறியாமல், லாட்ஜின் தலைவர் துண்டு துண்டாகச் சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்லி ஒருவன் தன்னைக் கட்டிக்கொள்கிறானே, அதுதான் என்னை உறுத்துகிறது. வேதாகமத்தில் ஆணையிட்டுக் கெட்டவர்களை எண்ணிப் பார். யெப்தா தன் வீட்டு வாசலில் யார் முதலில் வருவார் என்று அறியாமல் பொருத்தனை செய்தான். வந்தவள் அவன் மகள். ஏரோது என்ன கேட்கப்படும் என்று அறியாமல் ஒரு பெண்ணுக்கு ஆணையிட்டான். யோவான் ஸ்நானகனின் தலை தட்டில் வந்தது. சவுல் சாயங்காலம் வரை ஒருவரும் சாப்பிடக்கூடாது என்று சபித்தபோது, தேனைத் தொட்டவன் அவன் குமாரனாகிய யோனத்தான். மூன்று பேருமே கெட்டதைச் செய்ய ஆணையிடவில்லை. எதற்கு என்று தெரியாமல் ஆணையிட்டார்கள், அவ்வளவுதான். பவுலைக் கொல்லும்வரை புசிப்பதும் குடிப்பதும் இல்லை என்று சபதம் செய்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்களாவது எதற்கு என்று தெரிந்துதான் செய்தார்கள். (அவர்கள் பிறகு பட்டினியால் செத்தார்களா என்று ஞாயிறு பள்ளியில் நீ கேட்டது நினைவிருக்கிறதா? ஆசிரியைக்குப் பதில் தெரியவில்லை.)

இதற்கு அப்பாவிடம் ஒரு பதில் இருந்தது, அது இலேசான பதிலல்ல. ஆணைக்கு முன்பே, இதில் உன் குடிமைக் கடமைக்கோ ஒழுக்கத்துக்கோ மதக் கடமைக்கோ விரோதமான எதுவும் இல்லை என்று தலைவர் உறுதி கூறுகிறார். அந்த உறுதி பொய்யானால் ஆணையும் செல்லாது. ஆகையால் நான் என் ஆண்டவருக்கு எதிராக எதையும் ஒப்புக்கொண்டவனாக மாட்டேன் என்பார். வக்கீல் பேச்சாக இதில் குறையில்லை. ஆனால் என் மதக் கடமைக்கு எது விரோதம் என்று தீர்மானிக்கிற வேலையை, அதுவும் ஆணையிடும் வேளையில், இன்னொருவரிடம் ஒப்படைப்பதாக இது ஆகாதா? அந்தத் தலைவர் என் மதத்தவராகக்கூட இருக்கவேண்டியதில்லை. ஒருவேளை அப்பாவின் தலைமுறைக்குப் படித்துப் பார்க்க வழியில்லை என்று சாக்குச் சொல்லலாம். அதுவும் முழு உண்மையல்ல. 1730இலேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர், சேருகிறவர் ஒவ்வொன்றாக ஏறுகிற மூன்று படிகளின் சடங்குகளையும் அச்சிட்டு வெளியிட்டுவிட்டார். ஏறக்குறைய முந்நூறு வருடமாக அச்சில் இருப்பதை மறைத்துக் காக்க ஒருவர் ஆணையிடுகிறார் என்பதை யோசித்தால் எனக்குச் சிரிப்பு வரும். அப்பாவுக்கு வராது.

ஜெபத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஆண்டர்சனின் சட்டநூல், எல்லா மனிதரும் ஒத்துக்கொள்கிற மதம் ஒன்றை உறுப்பினரிடம் எதிர்பார்க்கிறது. வேதாகமம் மேடையில் திறந்திருக்கும், மூலைமட்டமும் கவராயமும் அதன்மேல் இருக்கும். ஜெபமோ, அவர்கள் கடவுளை அழைக்கிற பெயரான பேரண்டத்தின் பெருஞ்சிற்பியை நோக்கி, இயேசுவின் நாமம் இல்லாமல் முடியும். பல மதத்தவர் அமர்ந்த பந்தியில் பொதுவாக நன்றி சொல்வதுபோல என்று அப்பா விளக்குவார், தம் மனதுக்குள் அந்த நாமத்தைச் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்வார். அதுவரை நான் ஏற்றுக்கொள்வேன். மூன்றாம் படியின் நாடகத்தில்தான் எனக்குத் தயக்கம். வேதாகமத்தின் ஈராம் நப்தலி கோத்திரத்து விதவை ஒருத்தியின் மகன், வெண்கல வேலையில் கைதேர்ந்தவன், சாலொமோனுக்குத் தூண்களும் கடல் தொட்டியும் வார்த்துக் கொடுத்தான். அவனைப் பற்றி ராஜாக்கள் புத்தகம் சொல்வது அவ்வளவே. சங்கத்தின் கதையிலோ அவன் இரகசியத்தை விட்டுக்கொடாமல் கொல்லப்படுகிறான், அவனுடைய இடத்தில் சேருகிறவர் கிடத்தப்பட்டு எழுப்பப்படுகிறார். நாடகம் என்று எடுத்துக்கொண்டால் நாடகம். இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை 1987இல், கிறிஸ்தவத்தோடு பிரீமேசன் வழி ஒத்துப்போவதில் தெளிவான இடர்ப்பாடுகள் உண்டு என்ற அறிக்கையை 394க்கு 52 என்ற வாக்குகளில் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் உறுப்பினர்களை விலக்கவில்லை. நம் சபைகள் இப்படித்தான், பெருமூச்சு விட்டுவிட்டு மனச்சாட்சியிடம் அனுப்பிவிடும்.

உன் மனைவியின் கத்தோலிக்கச் சபை அப்படி அனுப்புவதில்லை. 1738இல் பன்னிரண்டாம் கிளெமெந்து பாப்பரசர் தடை விதித்தார். 1884இல் பதின்மூன்றாம் லியோ அதை விரிவாக உறுதிசெய்தார். 1983இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தில் பிரீமேசன் என்ற பெயர் இல்லாததால் தடை தளர்ந்ததாகச் சிலர் நினைத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 26 அன்று, வத்திக்கானில் கோட்பாட்டுக்குப் பொறுப்பாயிருந்த கர்தினால் ராட்சிங்கர் கையொப்பமிட்ட அறிவிப்பு, சேருகிறவர்கள் கனமான பாவநிலையில் இருக்கிறார்கள், நற்கருணை, அதாவது திருவிருந்து, பெற முடியாது என்று சொன்னது. 2023 நவம்பரிலும் வத்திக்கான் அதையே மீண்டும் சொன்னது. நீ கத்தோலிக்கன் அல்லாதபடியால் அந்தச் சட்டம் உன்னைக் கட்டாது. ஆனால் அவளும் பிள்ளைகளும் நற்கருணைக்கு எழுந்து போகும்போது, தம் சபை கனமான பாவம் என்று சொல்கிற ஒன்றைத் தன் கணவன் செய்திருக்கிறான் என்ற நினைப்போடு அவள் போகவேண்டியிருக்கும். அதை அவளிடம் கேட்காமல் நீயே தீர்மானிக்காதே.

மனைவியாக இருந்த எனக்கு அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். அப்பா ஒரு சிறு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தபடி மனப்பாடம் செய்வார். அதில் பல சொற்களுக்கு முதல் எழுத்து மட்டுமே அச்சிட்டிருக்கும். நீ ஐந்து வயதில் அதை எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்று, இந்தப் புத்தகத்துக்கு எழுதத் தெரியவில்லை என்று என்னிடம் முறையிட்டாய். ஒருமுறை, என்னதான் வாக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சொல்லக்கூடாது என்றார். பணமோ பெண்ணோ இல்லை என்று எனக்குத் தெரியும், ஆபத்தில்லை என்றும் தெரியும். ஆனாலும் திருமணத்தன்று ஆலயத்தில் எல்லார் காதிலும் விழும்படி என்னிடம் சொன்ன வாக்குக்குப் பிறகு அவர் கொடுத்த ஒரு வாக்கு, என்னிடம் சொல்லவே கூடாததாக இருந்தது. "அந்தரங்கத்திலே நான் ஒன்றும் பேசவில்லை" என்று பிரதான ஆசாரியனிடம் ஆண்டவர் சொன்ன பகுதி வாசிக்கப்படும் பெரிய வெள்ளிகளில் நான் அப்பாவின் முகத்தைப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் எழுதுகிற கை, அந்தச் சங்கத்தின் உதவியை வாங்கிய கை என்பதையும் நீ அறியவேண்டும். அப்பா போனபின் உன் கடைசி இரண்டு வருடப் படிப்புக்கு அவர்கள்தாம் பணம் கொடுத்தார்கள். ஒரு சொல் வெளியே சொல்லவில்லை, ஒரு நன்றிக் கடிதமும் எதிர்பார்க்கவில்லை. சபை எங்களுக்காக ஜெபித்தது. (ஜெபத்தைக் குறைத்துச் சொல்லவில்லை, வரிசையைச் சொல்கிறேன்.) அப்பாவின் நேர்மையும் அங்கே குறைந்ததாக நான் சொல்லமாட்டேன். ஆலயக் கூரை வேலைக்கு மூன்று பேர் விலைப்புள்ளி கொடுத்திருந்தபோது, அவர்களில் ஒருவர் லாட்ஜ் சகோதரர் என்பது குழுவில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா எழுந்து, நானும் அவரும் ஒரே லாட்ஜ் என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறினார். வேலை இன்னொருவருக்குப் போனது.

அவர் இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்திருந்தார் என்ற உன் கேள்விக்கு, அவர் விட்டுப்போன ஒரே எழுத்துப் பதில் அடக்கத்தைக் குறித்த சீட்டு. கல்லறையில் லாட்ஜ் சடங்கு வேண்டாம், சபையின் ஒழுங்கு மட்டும் போதும், சகோதரர்கள் வந்து பின்வரிசையில் நிற்கட்டும் என்று எழுதியிருந்தார். அவர்கள் வருத்தப்படவில்லை. ஒருவர் மட்டும் எல்லாம் முடிந்தபின் வந்து ஒரு சிறு கிளையை மண்மேல் வைத்தார். அது சீத்திம் மரக் கிளை, அவர்கள் கதையில் ஈராமின் புதைகுழியைக் காட்டிக்கொடுத்தது என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. நான் அதை எடுக்கவில்லை.

ஒருவன் ஆணையிட்டபின், தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறக்கூடாது என்கிறது பதினைந்தாம் சங்கீதம். பதறி இட்ட ஆணையைப் பின்பு உணர்ந்தவன் அறிக்கையிடவேண்டும் என்கிறது லேவியராகமம். அப்பா முதல் வசனத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார். உனக்கு இரண்டும் வேண்டியிராத நிலையில் நீ இன்னும் இருக்கிறாய். ஆகவே ஆணையின் முழு வாசகத்தையும், மூன்று படிகளுக்கும், முன்கூட்டியே தரும்படி அந்த நண்பரிடம் கேள். தரமுடியாது என்றால் அதுவே உனக்குப் பதில், மேற்கொண்டு யோசிக்கவேண்டாம். தந்தால், மேசையில் வைத்து உன் மனைவியோடு சத்தமாக வாசி. அவள் காதில் சொல்லக் கூசுகிற வரி ஒன்று இருந்தாலும் நிறுத்திவிடு. உன் போதகரிடமும் போய்ச் சொல், அனுமதி கேட்பதற்காக அல்ல, தெரிந்திருக்கட்டும் என்பதற்காக.

அப்பா லாட்ஜில் அணிந்த ஆட்டுத்தோல் ஏப்ரன் அலமாரியின் கீழ்த்தட்டில், துணி சுற்றி இருக்கிறது; அவருடைய வேதாகமமும் அதன் பக்கத்தில்தான் இருந்தது. வேதாகமத்தை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். ஏப்ரனை, நீங்கள் இருவரும் வாசித்து முடித்து எனக்கு எழுதும்வரை அனுப்பமாட்டேன்.

அன்புடன்,
அம்மா