இறக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டும்

போடி,
ஞாயிறு இரவு

மாப்ள,

உனக்கு எழுதி ஏழு மாதம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை நீ போன் பண்ணியும் எடுக்கவில்லை. கை முழுக்க கிரீஸ் என்று சொல்லலாம், ஆனால் அது காரணம் இல்லை. வண்டி முடிந்த பிறகுதான் உன்னிடம் பேசுவது என்று ஒரு வைராக்கியம். தப்புதான். கோபத்தை நேரில் வந்து காட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? தங்கச்சிக்கு மாற்றல் கிடைத்ததா? இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பத்தாம் வகுப்பு வந்துவிட்டாள். குட்டை மணி இந்த வருடமும் ஏலக்காயை ஏலத்துக்கு அனுப்பாமல் மூட்டை கட்டி வைத்து, விலை ஏறும் ஏறும் என்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜீப் ஓடுகிறது. அப்பா விற்ற அதே ஜீப். நெடுங்கண்டத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில் மேலே கோழி அடைந்து கிடந்தது என்று சொன்னேனே, அதேதான். அன்றைக்கு அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டியபோது அவர் பாடியைப் பார்க்கவே இல்லை. குனிந்து, சேஸில் அடித்திருந்த நம்பரை விரலால் தடவிக்கொண்டே பார்க்காமல் ஒப்பித்தார். ஒரு எழுத்து தவறவில்லை. கண்ணில் புரை எடுப்பதற்கு முன்னால் நடந்தது இது.

சேஸும் இன்ஜினும்தான் அதிலிருந்து தேறின. முன் ஹவுசிங் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு), கியர் பாக்ஸ், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் ஹை-லோ பாக்ஸ் எல்லாம் கம்பத்தில் காயலான் கடையில் எடுத்த இன்னொரு மஹிந்திரா 540 ஜீப்பிலிருந்து. பாடித் தொட்டியைப் பட்டறை அண்ணனும் நானும் தகடு வெட்டி நாங்களே அடித்தோம். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயிருக்கின்றன.

இன்ஜினை மாற்றச் சொல்லி நம் ஆட்கள் எல்லோரும் என்னை வறுத்தெடுத்தார்கள். பழைய பெஜோ இன்ஜின், 2.1 லிட்டர், அறுபது சொச்சம் குதிரைத் திறன், இதை வைத்து என்ன ஏறுவாய் என்றார்கள். எனக்கும் சபலம் வந்தது. ஆனால் வண்டியைக் கேரளத்துக்குள் ஓட்ட வேண்டும். தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். ஆர்.சி. புத்தகத்தில் ஒன்றும் வண்டியில் ஒன்றும் இருந்து, ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் நம்மைத் திரும்பிப் பார்ப்பானா? அதைவிட எனக்குப் பெரிய காரணம், லோ போட்டால் இழுவை கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு ஆகிவிடுகிறது. நடக்கிற வேகத்தில் போகிற பாதைக்கு அதற்குமேல் எதற்கு?

டயரும் அப்படித்தான். பெரிய டயர் பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டயர் பெரிதாகப் பெரிதாக அதே பிரேக்குக்குப் பிடிமானம் குறைகிறது. சக்கரத்தைச் சுற்ற எடுக்கும் பலமும் கூடுகிறது. ஒரே ஒரு அளவு மட்டும் ஏற்றினேன். மண் பிடிக்கிற பட்டன், ட்யூப் வைத்தது.

இந்த அளவுக்கு யோசித்தவன் ஒரு இடத்தில் கோட்டை விட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கே போகிறோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாந்தன்பாறைக்கு மேலே, அப்பா இருபத்திரண்டு வருடம் ஆள் ஏற்றிப் போன ஏலத் தோட்டப் பாதை. 2018 ஆகஸ்ட் மழையில் இடுக்கி முழுக்க மண் சரிந்ததே, அப்போது இதுவும் இரண்டு இடத்தில் அறுந்துபோனது. தோட்டத்துக்காரர்கள் வேறு பக்கம் ரோடு போட்டுக்கொண்டார்கள். பழைய பாதை தோட்டத்துக்குள்ளேயே ஆறு கிலோமீட்டர், காட்டு இலாகா நிலம் இல்லை. முதலாளியிடம் நேரில் போய் அனுமதி வாங்கிவிட்டேன். மூன்று வண்டி. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால், புரட்டாசியிலேயே.

போன மாதம் ஒத்திகைக்காக வண்டியை போடிமெட்டு தாண்டி எடுத்துப்போனேன். ஆட்களுக்குப் பதிலாகப் பின்னால் ஆறு மணல் மூட்டை, முந்நூறு கிலோ. பட்டறை அண்ணன் பக்கத்தில். ஒரு தோட்டத்துப் பாதையில் ஏறினோம். என்ன ஏற்றம் தெரியுமா மாப்ள! முதல் கியர் லோவில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே டக டகவென்று படி ஏறுவது மாதிரி ஏறியது. மேலே நின்று இரண்டு பேரும் டீ குடித்தோம். திரும்பி இறங்கும்போது நான்காவது வளைவில் பெடல் தரையைத் தொட்டது.

பம்ப் பண்ணினேன். ஒன்றும் இல்லை. காலுக்குக் கீழே வெறுமை. அந்த வெறுமையை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. லோவில் முதல் கியரில் இருந்ததால் வண்டி பாய்ந்து ஓடவில்லை, இன்ஜின் பிடித்து வைத்திருந்தது. ஆனால் ஈர மண், முந்நூறு கிலோ பின்னாலிருந்து தள்ளுகிறது, வழுக்க ஆரம்பித்தது. கைபிரேக்கை இழுத்தேன். நம் ஜீப்பில் அது சக்கரத்தில் இல்லை, பின் ஷாஃப்டில் இருக்கிறது. ஃபோர் வீலில் இருந்ததால் ஷாஃப்டைப் பிடித்ததும் முன் சக்கரங்களையும் சேர்த்தே பிடித்தது. அப்படியே மலைப் பக்கம் ஒடித்து மண் திட்டில் சாய்த்தேன். முன் மட்கார்டு நசுங்கியது. எங்கள் இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இடது பக்கம் மூன்றடி தள்ளிப் பள்ளம். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய் ஒரு கல் எடுத்து வந்து சக்கரத்துக்குக் கொடுத்தார்.

காரணம் நான்தான். பின்பக்கம் சுமை தாங்கட்டும் என்று ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டு, ஸ்பிரிங்கைச் சேஸோடு கோக்கிற ஷாக்கிலையும் நீளமாக மாற்றியிருந்தேன். அதனால் சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது முன்பைவிடக் கூடுதலாகக் கீழே இறங்குகிறது. சேஸிலிருந்து ஹவுசிங்குக்குப் போகிற பிரேக் ரப்பர் ஹோஸ் மட்டும் பழைய நீளம். ஒவ்வொரு பள்ளத்திலும் அது விறைத்து இழுபட்டு, கழுத்தில் வெடித்துவிட்டது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பழைய ஒற்றை லைன். ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. ஏற்றத்துக்காக ஒன்றை மாற்றினேன், அது இறக்கத்தில் எதைத் தொடுகிறது என்று பார்க்கவில்லை.

அப்பாவிடம் மறைக்க நினைத்தேன். மட்கார்டைப் பார்த்ததும் அவரே கேட்டார், சொன்னேன். திட்டவில்லை. "ஏத்தத்துல வண்டி நின்னுச்சுன்னா திரும்பி வந்துரலாம்டா. எறக்கத்துல நிக்கலைன்னா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நானும் வர்றேன்" என்றார்.

மாப்ள, அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவருக்கு எழுபத்து நான்கு. என்னத்துக்குப்பா என்றால், மூன்றாம் வளைவைப் பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு மழைக்காலமும் அந்த வளைவு கரைந்துவிடும். இவரும் ஜீப்பில் வந்த ஆட்களுமாக இறங்கி, கூலியில்லாமல், பள்ளத்துப் பக்கம் கல் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். சிமெண்டு கிடையாது, கல்லுக்குக் கல் கொடுத்தது. "அது நிக்குதா பாக்கணும்" என்கிறார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் போன தடவை நடந்து போய்ப் பாதை பார்த்தபோது இரண்டாம் வளைவோடு திரும்பிவிட்டேன், மழை பிடித்துக்கொண்டது. அதனால் நிற்கிறதா என்று எனக்கும் தெரியாது. தெரியாத கட்டு மேல் ஒன்றரை டன்னை ஏற்ற வேண்டும், அதில் அப்பா உட்கார்ந்திருப்பார்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அம்மா அதைத்தான் சொல்லச் சொல்கிறாள். ஆனால் காலையில் நாலரைக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்து, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளை அவர் எண்ணுவதை நீ பார்த்தால் உனக்கும் வாய் வராது. போகிற ஜீப்பின் சத்தத்தை வைத்து, இவனுக்கு ஷாஃப்ட் கிராஸ் தேய்ந்திருக்கிறது, இவனுக்கு கிளட்ச் போகப்போகிறது என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார். உள்ளே பதினைந்து பதினாறு பேரை அடைத்துக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் எழுந்து நின்றுவிடுகிறார். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. காய் எடுப்பு நேரத்தில் விடியற்காலை இந்த மலை ரோட்டில் போகிற பெண்களின் உயிர் ஒரு ரப்பர் ஹோஸில் தொங்குகிறது என்பதை என் காலே எனக்குச் சொல்லிவிட்டது. அதற்கு முன் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், உறைக்கவில்லை.

அதனால் இந்த ஒரு மாதமாக வேறு எந்த வேலையும் செய்யவில்லை, பிரேக் மட்டும்தான். மாஸ்டர் சிலிண்டர் இரட்டை லைனாக மாற்றினேன். முன்னால் போனாலும் பின்னால் பிடிக்கும். ஹோஸ் நான்கும் புதிது. ஹவுசிங்கை முழுசாகத் தொங்கவிட்டு, அதற்குமேல் இரண்டு அங்குலம் விட்டு நீளம் எடுத்தோம். கூடுதல் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டேன். ட்ரம் நான்கையும் லேத்தில் கொடுத்துச் சீர் பண்ணியாயிற்று. கைபிரேக் லைனிங் புதிது. இப்போது தெருக்கோடிச் சரிவில் மூட்டையோடு நிறுத்தி, நியூட்ரலில் கைபிரேக் மட்டும் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். முன்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு வைத்தேன். காலையில் கோடு அப்படியே இருந்தது. அப்பா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அது அவர் பாஷையில் சம்மதம்.

இரண்டு ஓடை கடக்க வேண்டும். ஓடி ஓடிச் சூடான கிரவுன் ஹவுசிங் (அச்சின் நடுவில் பல்சக்கரம் இருக்கிற கூடு) குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அடுத்த வாரம் திறந்தால் ஆயில் மோர் மாதிரி இருக்கும். அதனால் காற்றுப் போகிற துளைகளில் ட்யூப் சொருகி மேலே தொட்டி வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஓடை தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி ட்ரம்மைக் காய வைக்க வேண்டும், அதை மறக்கக் கூடாது என்று டாஷ்போர்டில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். சேறு வந்ததும் காற்றை 28 பவுண்டிலிருந்து 18-க்கு இறக்குவேன். அதற்குக் கீழே போக மாட்டேன். ட்யூப் டயர், ரிம்மில் நகர்ந்து வால்வைப் பிய்த்துவிடும்.

வண்டியை இழுக்கிற விஞ்ச் வாங்கவில்லை. பெரியவன் தோட்டத்தில் கிடந்த சங்கிலிக் கப்பி எடுத்திருக்கிறேன். அகலப் பட்டை ஒன்று, மரத்தைச் சுற்ற. இரும்புக் கம்பியை நேரே சுற்றினால் மரப்பட்டை அறுந்து மரம் செத்துப்போகும். நிழல் மரத்தைக் கொன்றுவிட்டு அந்த முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது? இழுக்கும்போது கம்பி மேல் போட ஈரச் சாக்கு. மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள். அட்டைக்கு உப்பும் புகையிலையும். அம்மா புளிச்சோறு கட்டித் தருவாள்.

எல்லாம் இருக்கிறது. ஆள்தான் இல்லை.

மூன்றாம் வளைவில் யாராவது இறங்கி முன்னால் நடந்து கை காட்ட வேண்டும். எந்தக் கல் மேல் எந்தச் சக்கரம் என்று விரல் அளவுக்குச் சொல்ல வேண்டும். ஓட்டுகிறவனுக்கு பானட்டுக்கு முன்னால் ஆறடி தெரியாது. பட்டறை அண்ணன் கை காட்டினால் நான் போவேன், அப்பா பதறுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு ஏறிக்கொண்டு வந்து நீ முன்னால் ஓடியதை இன்னும் சொல்கிறார். வண்டியில் கூட வருகிற உதவிப் பையனைக் கேரளத்தில் சொல்வது மாதிரி, பூப்பாறைக்காரர்கள் உன்னைக் கிளி, கிளி என்று கூப்பிடுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? "அந்தப் பய கையக் காட்டுனா கண்ண மூடிட்டு எறக்குவேன்" என்று நேற்றுகூடச் சொன்னார். பதினான்கு வயதுப் பையனை நம்பி ஒரு மனிதர் பத்துப் பதினைந்து பேரோடு இறங்கியிருக்கிறார். அது எப்பேர்ப்பட்ட நம்பிக்கை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் நீயும் நானும் இறங்கிப் போய் அந்தக் கல் அடுக்கைப் பார்ப்போம். கடப்பாரையால் தட்டிப் பார்ப்போம். நீ வேண்டாம் என்றால் அங்கேயே திருப்பிவிடுவேன், மற்ற இரண்டு வண்டிக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன். நிற்கிறது என்றாலும் அந்த வளைவை அப்பா நடந்துதான் கடப்பார், தடி பிடித்துக்கொண்டு. அதற்கு மட்டும் அவரைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். இரண்டு தரம் எனக்கு வாக்குக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்புகிறோம். ஓசூரிலிருந்து வெள்ளிக்கிழமை மத்தியானமே புறப்பட்டால் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். லீவு கிடைக்காது என்று மட்டும் எழுதாதே. கம்பூட்ஸ் இங்கே உன் அளவுக்கு வாங்கிவிட்டேன், பழைய அளவுதானே? டார்ச் ஒன்று கொண்டு வா, நல்ல வெளிச்சம் உள்ளதாக. வளைவில் காலையில் மஞ்சு இறங்கியிருக்கும்.

உன்
மாப்பிள்ளை