சூதாட்டத்துக்கு முதலீடு என்று பெயரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் வணிகப் பக்கத்தில் அமெரிக்கக் 'கணிப்புச் சந்தைகள்' பற்றி வந்த கட்டுரையில், கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களின் மீது நடக்கும் வணிகம் 'சூதாட்டமல்ல, இளைஞர்களின் புதிய முதலீடு' என்று ஒரு வரி இருந்தது. 22 ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு தங்கள் இதழை விடாமல் படிப்பவள் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

அந்தச் சந்தைகளில் ஓர் அணி வெல்லும் என்று, உதாரணமாக, 62 சென்ட் கட்டுகிறார்கள். வென்றால் ஒரு டாலர் வரும். தோற்றால் கட்டியது போச்சு. ஆட்டம் நடக்கும்போதே விலை ஏறி இறங்கும், நடுவில் விற்றுவிட்டும் போகலாம். பங்கு வாங்கினால் அதன் பின்னால் ஒரு தொழிற்சாலையாவது இருக்கும். இங்கே இருப்பது பத்தொன்பது வயதுப் பிள்ளை எறியும் பந்து மட்டும்தானே?

எங்கள் மாநிலத்தில் விளையாட்டுப் பந்தயம் கட்ட 21 வயது ஆகியிருக்க வேண்டும். உள்ளூர்க் கல்லூரி அணிகள் மீது பந்தயமே கூடாது. அந்தத் தடையை நீக்கலாமா என்று 2021இல் எங்களிடம் வாக்குக் கேட்டார்கள், கூடாது என்றோம். மறு ஆண்டே ஜெர்சி சிட்டியின் சின்னஞ்சிறு செயின்ட் பீட்டர்ஸ் கல்லூரி, தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. இங்கே யாரும் அதன் மீது பந்தயம் கட்ட முடியாது. ஆனாலும் ஊரே கொண்டாடியது. இன்று கால்ஷி போன்ற கணிப்புச் சந்தைத் தளங்கள், முன்பேர வர்த்தகத்தைக் கண்காணிக்கும் கூட்டாட்சி ஆணையத்தின் உரிமத்தைக் காட்டி, 18 வயதிலேயே வா என்கின்றன. மாநிலம் தடுக்கப் போனபோது, 2025 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் கால்ஷிக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு போட்டது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் தலைவர் சார்லி பேக்கரே கல்லூரி ஆட்டங்கள் மீதான இந்த வணிகத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி ஆணையத்துக்கு எழுதிவிட்டார். தங்கள் கட்டுரையில் இதில் ஒரு சொல் உண்டா?

என் மகளின் அறைத்தோழி கல்லூரி அணியில் ஆடுகிறாள். ஓர் ஆட்டத்தில் கடைசி நிமிடம் இரண்டு எறிகளைத் தவறவிட்டாள். அறைக்கு வருவதற்குள் அவள் தொலைபேசியில், 'என் பணத்தைத் திருப்பிக் கொடு' என்று முகம் தெரியாதவர்களின் செய்திகள். அதற்குக் கீழே எழுதக் கூசும் வசவுகள். இரண்டு நாள் அந்தப் பெண் சாப்பாட்டுக் கூடத்துக்கே போகவில்லை என்று என் மகள் அழுதாள். முதலீட்டாளர்கள் இப்படித்தான் பேசுவார்களா, ஐயா?

'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று பரிசுச் சீட்டு விற்ற காலம் தாங்கள் அறியாததல்ல. திருச்சியில் என் அப்பா சம்பள நாளன்று சட்டைப்பையில் சீட்டுக்கட்டோடுதான் வீடு வருவார். எங்கள் வீட்டில் ஒருமுறையும் விழவில்லை. அம்மாவின் வளையல்கள்தான் போயின. 2003இல் லாட்டரி ஒழிந்தபோது அம்மா சாமிக்கு விளக்கேற்றினார். இணைய ரம்மி விளம்பரம் தங்கள் முதல் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்த நாட்களில் இதையெல்லாம் விளக்கி இரண்டு கடிதங்கள் எழுதினேன். இரண்டும் அச்சாகவில்லை. இடமில்லாமல் போயிருக்கும் என்று அப்போது மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இம்முறை என் கடிதத்தைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், 'முதலீடு' என்றது தவறு, அது பந்தயம் என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி