செயலாளரின் ஆண்டறிக்கை 2024: உரிமை என்ற ஒரு சொல்லோடு ஓராண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வட்டத்தின் அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பில் கூடும் எங்கள் சட்ட வாசிப்பு வட்டத்தின் 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். மாதம் ஒன்றாகப் பதினொரு கூட்டங்கள் நடந்தன. நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்கள் வெளிக்கிட முடியாமல் போனதால் அந்த மாதக் கூட்டத்தைக் கைவிட்டோம். கல்லடியில் தன் வீட்டு விறாந்தையை ஒவ்வொரு முறையும் எங்களுக்கு விட்டுத் தந்த அம்மாவுக்கும், கேட்காமலே தேத்தண்ணி ஊற்றித் தந்த அவருடைய மகளுக்கும் முதல் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

போன பொதுக்கூட்டத்தில் எடுத்த தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும்: இந்த ஆண்டு முழுக்க ‘உரிமை’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு போவது. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் வெஸ்லி ஹோஃபெல்ட் 1913இல் எழுதிய கட்டுரையோடு தொடங்கினோம். நாற்பது வயது நிறையும் முன்னரே, 1918இல், அவர் இறந்துபோனார். உரிமை என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு பொருள்களைப் போட்டு நீதிமன்றங்களே குழம்புகின்றன என்றும், அந்த ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்கிறார் என்றும் காட்டியவர் அவர்.

அந்த நான்குக்கும் கலைச்சொல் தேடியே இரண்டு கூட்டங்கள் போயின. எழுதிப் பார்த்த எதுவும் வாயில் நிற்கவில்லை. கடைசியில் எங்கள் ஓய்வுபெற்ற தமிழ் ரீச்சர், பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையைப் பாருங்கள் என்றார். நீ எனக்குத் தரவேண்டும்; நான் செய்யலாம்; நான் மாற்ற முடியும்; என்னுடையதை நீ மாற்ற முடியாது. நான்கும் வந்துவிட்டன! இந்த ஆண்டில் வட்டம் செய்த மிகப் பெரிய வேலை இதுதான் என்பது என் எண்ணம். அதன் பிறகு யார் என்ன சொன்னாலும், “இது தரவேண்டுமா, செய்யலாமா?” என்று கேட்கிற பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது.

கல்லடிப் பாலத்தில் நின்று தூண்டில் போடுகிறவரை எடுத்துக்கொண்டோம். அவர் மீன் பிடிக்கலாம். பக்கத்தில் நிற்பவரும் பிடிக்கலாம். அந்த மீன் மற்றவருடைய தூண்டிலில் மாட்டினால் இவருக்கு ஒரு அநியாயமும் நடக்கவில்லை. ஆனால் அவர் இவருடைய தூண்டில் நரம்பை அறுத்தால் கதை வேறு. மீன் பிடிப்பது ‘செய்யலாம்’ வகை. நரம்பை அறுக்காதிருப்பது அடுத்தவர் தலையில் உள்ள கடமை.

இதே வேறுபாடு மேய்ச்சல் தரைக்கு வந்ததும் எங்கள் குரல் தாழ்ந்துவிட்டது. தங்கள் மேய்ச்சல் தரையில் வெளியார் பயிர் செய்வதை எதிர்த்து மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் தொடங்கிய போராட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. தலைமுறையாக மேய்த்து வந்தோம் என்பது ‘மேய்க்கலாம்’ என்பதைக் காட்டும். இன்னொருவர் வந்து அந்த நிலத்தை உழக்கூடாது என்பதற்கு அந்த இன்னொருவர் மேல் கடமை வேண்டும்; அதைச் சுமத்த எழுத்தில் ஓர் ஆவணம் வேண்டும். மாடு வைத்திருக்கும் எங்கள் அங்கத்தவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப எங்களிட்ட இருந்தது பாதி உரிமைதானா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னமும் என் மனதில் கிடக்கிறது.

ஆடி மாதக் கூட்டம் கோயில் பக்கம் போனது. உரிமை உள்ளவர் என்றால் எதிராளியின் கடமையைக் கையில் வைத்திருப்பவர், வேண்டுமென்றால் விட்டும் கொடுக்கலாம் என்பது சட்டத் தத்துவ அறிஞர் எச். எல். ஏ. ஹார்ட் தரப்பு. ஒருவருடைய நலன் இன்னொருவர் மேல் கடமையைச் சுமத்தும் அளவுக்குப் பெரிதென்றால் அதுவே உரிமை என்பது இன்னொரு சட்டத் தத்துவ அறிஞர் ஜோசப் ராஸ் தரப்பு. கைக்குழந்தையால் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே குழந்தைக்கு உரிமை இல்லையா என்று 1976இல் அதே துறை அறிஞர் நீல் மக்கோர்மிக் கேட்டார். எங்கள் சபையில் அதே கேள்வி, கோயில் திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடி, அதாவது தாய்வழிக் குலம், எடுத்துச் செய்யும் குடித் திருவிழாவாக வந்தது. ஐந்தாம் நாள் எங்கட குடிக்குரியது என்கிறோம். செலவு முழுக்க எங்களுடையது. வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது, விட்டால் மானம் போகும். பிறகு இதென்ன உரிமை, இது கடமையல்லவா? காத்தான்குடியிலிருந்து வரும் சகோதரர், தங்களிடமும் தாய்வழிக் குடி இருக்கிறது, வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகிறது, அதைக் கட்டிக் கொடுக்கும் பாரம் தகப்பன் தலையில் என்றார். அன்று முடிவு காணவில்லை. நான் ராஸ் பக்கம்.

தாய்வழி என்றதும் பேச்சு, மட்டக்களப்பில் முன்பு இருந்த தாய்வழி வழக்கச் சட்டமான முக்குவச் சட்டத்துக்கு வந்தது. முதுசம் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் என்ற அந்த வழக்கத்தை 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க மரபுரிமைக் கட்டளைச் சட்டம் முடித்து வைத்தது. வழக்கம் மட்டும் சீதன வீடாக இன்றும் நிற்கிறது. அரச காணிக்கு வந்தால் நிலைமை வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால் மகன்மாருக்குப் பிறகே மகள்மார். மகளுக்கு வீடு கொடுக்கும் ஊரில் இந்தச் சட்டம் எண்பது ஆண்டுக்கும் மேல் நடந்திருக்கிறது. மகன், மகள் என்ற பேதத்தை 2022 திருத்தம்தான் எடுத்தது.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. புரட்டாதிக் கூட்டத்துக்கு ஓர் அங்கத்தவர் தன் தகப்பனின் பேமிட்டை, அதாவது அரச காணி அனுமதிப்பத்திரத்தை, கொண்டுவந்தார். நாலாய் மடித்து, மடிப்புகள் கிழிந்து, ஷொப்பிங் பையில் சுற்றியிருந்தது. “வளவு உனக்குத்தான் புள்ள” என்று அப்பா பத்துப் பேர் முன்னால் சொன்னாராம். பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணியைப் பெறுபவர், பெயர் எழுதும் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. ஹோஃபெல்டின் கண்ணால் பார்த்தால், பெயர் எழுதவும் எழுதியதை மாற்றவும் அப்பாவால் ‘முடியும்’. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. மகளிடம் இருந்தது நம்பிக்கை மட்டும். தம்பி கேட்டால் என்ன சொல்வது என்று அவர் அழுதபோது, வீட்டுக்கார அம்மா, “இதென்னகா சட்டம், வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லையா?” என்றார். ஒரு காரியாலயத்தில் அந்த மகளை நாலு முறை அலைய விட்டு, ஐந்தாம் முறைதான் எந்தப் படிவம் என்றே சொன்னார்கள். எங்கள் சட்டமாணவர் இருவர் கூடவே போனார்கள். விண்ணப்பம் இப்போது உள்ளே இருக்கிறது.

இலங்கை அரசியலமைப்பைப் பற்றி இரண்டு கூட்டங்கள். எல்லோரையும் திடுக்கிட வைத்தது 27ஆம் உறுப்புரை. எல்லோருக்கும் கல்வி பெறும் ‘உரிமை’ என்று அங்கே எழுதியிருக்கிறது. 29ஆம் உறுப்புரையோ அந்த அத்தியாயம் சட்ட உரிமை எதையும் தராது, அதைக்கொண்டு நீதிமன்றம் போகமுடியாது என்கிறது. அடிப்படை உரிமை வழக்கென்றால் 126ஆம் உறுப்புரைப்படி ஒரே மாதத்துக்குள் கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் 13ஆம் பிரிவு. தயவுசெய்து இதை உங்கள் ஊர்ச் சங்கங்களிலும் சொல்லுங்கள். நாள் தவறியே எத்தனையோ நியாயங்கள் செத்துப்போகின்றன.

அடுத்த ஆண்டு முதல் மூன்று கூட்டங்களைக் காணிக்கே ஒதுக்கும்படி நிர்வாகக் குழு கேட்கிறது. தை மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டுப் பேமிட்டையோ உறுதியையோ போட்டோக் கொப்பி எடுத்துக் கொண்டு வாருங்கள். பின்னுரித்தாளர் கட்டம் வெறுமையாக இருந்தால், பேமிட் உள்ளவரையும் கையோடு கூட்டி வாருங்கள்.

செயலாளர்
மட்டக்களப்பு