கணினியின் கட்டமைப்பு வேறு, நிரலின் கட்டமைப்பு வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளகின் (ஒரு நிரலுக்குக் கூடுதல் வசதி தரும் துணைக் கோப்பு) வேலை செய்யாவிட்டால் அதை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பாருங்கள் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் யோசனை சொல்லப்பட்டிருந்தது. 32 பிட் நிரல்களும் 64 பிட் நிரல்களும் கலந்து ஓடும் கணினியில் இதனால் பயனில்லை. பத்து முறை நிறுவினாலும் அதே பொதிதான் (நிறுவல் தொகுப்பு) அதே இடத்தில் வந்து உட்காரும். பிளகின் 32 பிட், 64 பிட் போன்ற எந்தக் கட்டமைப்புக்காகத் தொகுக்கப்பட்டது, அதை ஏற்றும் நிரல் எந்தக் கட்டமைப்பில் ஓடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான பிளகின்கள் தனியாக ஓடுபவை அல்ல. தங்களை ஏற்றும் தாய் நிரலின் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றப்பட்டு அதன் பகுதியாகவே இயங்கும் நூலகக் கோப்புகள் அவை. ஆகவே 64 பிட் கணினியில் ஓடும் 32 பிட் நிரலுக்கு 32 பிட் பிளகின்தான் வேண்டும். கணினி எத்தனை பிட் என்பது இங்கே கணக்கில் வராது. லினக்ஸில் 'ராங் ஈஎல்எஃப் கிளாஸ்' என்று வரும் பிழைச்செய்தியும், விண்டோஸில் 193 என்ற பிழை எண்ணும் பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மையைத்தான் குறிக்கின்றன. லினக்ஸிலும் மேக்கிலும் 'ஃபைல்' கட்டளைக்கு அந்தக் கோப்பின் பாதையைக் கொடுத்தால், அது எந்தக் கட்டமைப்புக்கு உரியது என்று ஒரே வரியில் தெரிந்துவிடும்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 2013-இல் வெளியான 7ஆம் பதிப்பு முதல், பல கட்டமைப்புகளின் பொதிகளைச் சேர்த்து நிறுவ உதவும் மல்டிஆர்ச் ஏற்பாடு உள்ளது. 32 பிட் நூலகங்களும் 64 பிட் நூலகங்களும் தனித்தனி அடைவுகளில் இருப்பதால் ஒன்றையொன்று அழிப்பதில்லை. பொதிகளைக் கையாளும் டிபிகேஜி கட்டளையின் 'ஆட்-ஆர்க்கிடெக்சர்' தெரிவில், 32 பிட் கட்டமைப்பின் பெயரான ஐ386-ஐச் சேர்த்து, பொதிப் பட்டியலைப் புதுப்பிக்க 'ஏப்ட் அப்டேட்' ஓட்டி, பொதியின் பெயரை அடுத்து முக்காற்புள்ளியும் ஐ386-உம் இட்டு நிறுவ வேண்டும். இவ்வளவையும் எல்லா வழிகாட்டிகளும் சொல்லிவிடுகின்றன. சிக்கலே இதற்குப் பிறகுதான்.

பொதியைக் கட்டும்போது, நிரலோடு நேரடியாக இணைந்த நூலகங்களைக் கருவியே கண்டுபிடித்துச் சார்புகளாக (கூடவே நிறுவ வேண்டியவையாக) எழுதிவிடும். பிளகின்களோ நிரல் ஓடும்போது பெயர் சொல்லி அழைக்கப்படுபவை. நிரலோடு இணைந்த நூலகங்களைக் காட்டும் 'எல்டிடி' கட்டளையின் பட்டியலிலும் அவை தென்படா. அதனால் 32 பிட் நிரல் ஒன்றை நிறுவினால் அதற்கான ஆல்சா ஒலி நூலகம் 32 பிட்டில் தானாக வந்துவிடும். ஒலியைப் பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவைக்குக் கடத்தும் லிப்அசவுண்ட்2-பிளகின்ஸ் பொதி 32 பிட்டில் வராமல் போகலாம். நிரல் திறக்கும், படம் ஓடும், சத்தம் மட்டும் இருக்காது. '.லோக்கல்' என்று முடியும் உள்வலைப் பெயர்களும் இப்படித்தான்: அவற்றைக் கண்டறிய உதவும் லிப்என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ் பொதி 64 பிட்டில் மட்டும் இருந்தால், உலாவியில் திறக்கும் அதே முகவரியை 32 பிட் நிரலால் கண்டறிய முடியாது. வலையமைப்பைக் குடைந்து பார்ப்பவர்களுக்கு அங்கே ஒரு கோளாறும் கிடைக்காது! இரண்டு கட்டமைப்புகளின் பிளகின் அடைவுகளையும் அருகருகே வைத்துக் கோப்புப் பெயர்களை ஒப்பிட்டால் எது விடுபட்டது என்பது தெரியும். விடுபட்டதைக் கையால்தான் நிறுவ வேண்டும்.

சூழல் மாறிகளையும் (நிரல்கள் ஓடும்போது படிக்கும் அமைப்பு மதிப்புகள்) பார்க்க வேண்டும். ஒலி, ஒளிக் கோப்புகளை இயக்கும் ஜிஸ்ட்ரீமருக்கான 'ஜிஎஸ்டி_பிளகின்_பாத்' என்ற மாறியில் 64 பிட் அடைவை எழுதிவைத்தால், 32 பிட் நிரலும் அதையே படிக்கும். ஏற்ற முடியாத பிளகின்களை ஜிஸ்ட்ரீமர் கறுப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். 'ஜிஎஸ்டி-இன்ஸ்பெக்ட்-1.0' கட்டளையை 'பி' (b) தெரிவோடு ஓட்டினால் அந்தப் பட்டியல் தெரியும். ஆனால் பிழை எந்தக் கட்டமைப்பில் இருக்கிறதோ, அதே கட்டமைப்பின் கட்டளையை ஓட்டினால்தான் சரியான பட்டியல் வரும். மாறியைத் திருத்திய பின், பயனரின் கேஷ் அடைவில் கட்டமைப்புவாரியாக இருக்கும் ஜிஸ்ட்ரீமரின் ரெஜிஸ்ட்ரி (பிளகின் பதிவேடு) கோப்பை அழித்துவிடலாம். அடுத்த முறை நிரல் ஓடும்போது அது புதிதாக உருவாகும்.

பதிப்பு ஒற்றுமை இன்னொரு முக்கியமான விஷயம். 'மல்டிஆர்ச்: சேம்' என்று குறிக்கப்பட்ட பொதிகள் எல்லாக் கட்டமைப்புகளிலும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். வெளியாரின் களஞ்சியம் (பொதிகளை வழங்கும் இணைய இடம்) 64 பிட்டுக்கு மட்டும் புதிய பதிப்பை வெளியிட்டால், 32 பிட் பழையதிலேயே நிற்கும்; இரண்டையும் சேர்த்து வைக்க முடியாமல் ஏப்ட் பாதி டெஸ்க்டாப்பையே நீக்கட்டுமா என்று கேட்கும். அந்த நீக்கப் பட்டியலைப் படிக்காமல் சம்மதம் கொடுப்பதால்தான் பலருடைய கணினிகள் கெடுகின்றன. 'ஏப்ட்-கேஷ் பாலிசி' மூலம் இரண்டு கட்டமைப்புகளின் பதிப்புகளையும் ஒப்பிட்டு, வெளிக் களஞ்சியத்திலிருந்து வந்த பொதியைத் இயங்குதளத்தின் சொந்தக் களஞ்சியத்தில் உள்ள பதிப்புக்கு இறக்கினால் தீர்ந்துவிடும். ஒரு கட்டமைப்பின் பொதியை மட்டும் 'ஹோல்டு' செய்து நிறுத்திவைத்தாலும் இதே முடிச்சு விழும்.

டெபியன் வழிவந்த உபுண்டு 2019-இல் 32 பிட் பொதிகளைத் தேர்ந்தெடுத்த சிலவாகக் குறைத்துவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிக்கான நிறுவியும் கெர்னலும் (இயங்குதளத்தின் கரு) கிடையாது. 64 பிட் கணினிக்குள் பழைய நிரல்களை ஓட்டுவதற்காகவே ஐ386 நீடிக்கிறது. 32 பிட் பிளகின் கிடைக்காதபோது தேடிக்கொண்டே இருப்பதைவிட, தாய் நிரலின் 64 பிட் பதிப்புக்கு மாறுவதே நல்லது.

விண்டோஸில் டிஎல்எல் எனப்படும் நூலகக் கோப்புகளில் 64 பிட் டிஎல்எல்கள் சிஸ்டம்32 அடைவிலும், 32 பிட் டிஎல்எல்கள் சிஸ்வாவ்64 அடைவிலும் இருக்கும். பெயர் தலைகீழாக இருப்பதால் தவறான இடத்தில் கோப்பை ஒட்டுவோர் ஏராளம். ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் இன்டெலுக்கு மட்டுமான ஒலி பிளகினை ஏற்ற, தாய் நிரலையே, இன்டெல் நிரல்களை ஓட்டித்தரும் ரோசெட்டாவில் திறப்பது ஒரு வழி. அப்படித் திறந்தால் ஆப்பிள் சிலிக்கானின் கட்டமைப்பான ஏஆர்எம்-க்கு மட்டுமான பிளகின்கள் அதில் ஏறா.

வாசகர்கள் பிளகின் பிழை பற்றி எழுதும்போது தாய் நிரலின் கட்டமைப்பு, பிளகின் கோப்பின் கட்டமைப்பு, இரண்டின் பதிப்பு எண்கள், பிழைச்செய்தியின் முழு வாசகம் ஆகியவற்றைத் தங்கள் கணினிப் பகுதி முதலிலேயே கேட்டுப் பெற வேண்டுகிறேன். மறுபடி நிறுவும் யோசனையை அதற்குப் பிறகு சொல்லலாம்.

இப்படிக்கு,
கணினி நிர்வாகி ஒருவர்