பிரேக் ஹோஸை வீட்டில் மாற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் வால்பாறைச் சாலையின் 40 வளைவுகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், எஃகு வலை பின்னிய பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வளையும் குழாய்) வாங்கி வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்ளும் ஆசை நம் பக்கத்துக் கார்க்காரர்கள் பலருக்கு உண்டு. தாராளமாக மாட்டலாம். ஆனால் அது எதைச் சரிசெய்யும் என்று தெரிந்துகொண்டு மாட்ட வேண்டும். ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் கொஞ்சம் உப்பும். டெஃப்லான் குழாய்மேல் எஃகு வலை போட்டது அவ்வளவு உப்பாது. அதனால் பெடல் கெட்டியாக நிற்கும். மலை இறக்கத்தில் பெடல் திடீரென்று தரை தட்டுவது வேறு நோய்: ஆயில் கொதித்து ஆவியாவது. டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிவிட்டால் அதற்கு 155 டிகிரிதான் கணக்கு. பழைய ஆயிலை வைத்துக்கொண்டு ஹோஸுக்கு மட்டும் செலவழிப்பது வீண். இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். சீல் உடைக்காத டப்பா ஒரு லிட்டர் போதும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போர்வெல் ரிக்குக்கும் பொக்லைனுக்கும் ஹோஸ் அடித்துத் தரும் கடைகள் திருச்செங்கோட்டிலிருந்து கோவை வரை நிறைய உள்ளன. நல்ல வேலைக்காரர்கள்தான்; ஆனால் அந்த ஹோஸின் ரப்பர் பெரும்பாலும் கனிம எண்ணெய்க்காகச் செய்தது. பிரேக் ஆயில் பட்டால் ஊறிக் கெட்டுவிடும். எவ்வளவு அழுத்தம் தாங்கினாலும் அதைக் காருக்குப் போடக் கூடாது. எஸ்.ஏ.இ. ஜே1401 அல்லது எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 106 என்ற அமெரிக்க பிரேக் ஹோஸ் தரம் அச்சிட்ட, உங்கள் கார் மாடலுக்கென்றே வந்த செட் மட்டும் வாங்குங்கள்.

வேலையில் முதலில் கெடுவது, ஹோஸோடு சேரும் இரும்புக் குழாய் முனையிலுள்ள பிளேர் நட். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். பிறகு குழாயையே மாற்ற வேண்டியதுதான். முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் அடித்துவிட்டு, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் 10 அல்லது 11 எம்எம் பிளேர் நட் ஸ்பேனரால் கழற்றுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஆயில் கொட்டாமலிருக்க பெடலை லேசாக அமுக்கி ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்தால், பெடல் இயக்கும் மாஸ்டர் சிலிண்டரின் துவாரம் அடைபட்டு ஒழுகல் பெரிதும் குறையும். பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரி ஒயரை முதலில் கழற்றிவிட வேண்டும்.

புதிய ஹோஸில் பிளேர் நட்டை முதலில் கையால் நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். கை ஏற்றாத மரையை ஸ்பேனரும் ஒழுங்காக ஏற்றாது. அதை இறுக்கி, கிளிப் போட்டு, கேலிப்பர் (டிஸ்கை அமுக்கிப் பிடிக்கும் பகுதி) பக்கத்தில் ஹோஸின் வளைய முனையைப் பிடிக்கும் பேன்ஜோ போல்ட்டைக் கடைசியாக இறுக்கினால் ஹோஸ் முறுக்காது. ஒவ்வொரு பேன்ஜோவுக்கும் இரண்டு காப்பர் வாஷர். முன் டிஸ்க் இரண்டுக்கும் நான்கு. பழையது ஏற்கெனவே நசுங்கி வடிவம் பிடித்ததால் மறுபடி சீல் ஆகாது. ஒழுகுகிறது என்று மேலும் மேலும் இறுக்கினால் நடுவில் துளையுள்ள அந்தப் போல்ட் முறிந்துவிடும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற டார்க் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும், ஊகம் வேண்டாம். பிறகு ஸ்டியரிங்கை இரு கடைசி வரை திருப்பி, சக்கரம் தொங்கும் நிலையிலும் ஜாக்கியால் மேலே தூக்கிய நிலையிலும் ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். எஃகு வலை அரம்போல எதையும் அறுக்கும்.

குழாய்க்குள் புகுந்த காற்றைச் சக்கரம் சக்கரமாக வெளியே எடுக்கும் வரிசை மேனுவல்படிதான். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் போய்ப் பழகாத துருப்பகுதி அதன் ரப்பரைக் கிழித்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பிரேக் ஆயில் டேங்க் ஒருமுறை வற்றினால்கூட யூனிட்டுக்குள் காற்று புகும், அதை வெளியேற்றப் பல வண்டிகளுக்கு ஸ்கேனர் தேவைப்படும்.

கேபிள் கிளட்ச் உள்ள காருக்குக் கிளட்ச் ஹோஸ் என்ற பேச்சே இல்லை. ஹைட்ராலிக் கிளட்ச் பல கார்களில் பிரேக் டேங்கிலிருந்தே ஆயில் எடுக்கும். குழாயில் காற்று இருக்கும்போது கிளட்ச் பெடல் தானாகத் திரும்பாமல் போகலாம். கையால் தூக்கிவிட்டு மெதுவாகச் செய்யுங்கள். சில கம்பெனி லைன்களில் ஆயிலை மட்டுப்படுத்தும் ஒரு சிறு வால்வு இருக்கும். அது இல்லாத ஹோஸ் போட்டால் கிளட்ச் வெடுக்கென்று பிடிக்கும்.

முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்திருக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பையும் காகிதத்தால் துடைத்து ஈரம் பார்க்க வேண்டும். 100 கிலோமீட்டர் சமவெளியில் ஓட்டி மறுபடி பார்த்த பிறகுதான் மலை ஏற வேண்டும்.

செட் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புது காப்பர் வாஷரையும் தமிழில் அச்சிட்ட செய்முறைத் தாளையும் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், சத்தியமங்கலம்