மகளுக்கு, கல்லடியிலிருந்து

கல்லடி,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று வட்ஸ்அப்பில் பேரன் சிரித்ததைப் பெரியம்மாவுக்கும் காட்டினேன். பத்துக் கிழமைப் பிள்ளை போலவா இருக்கிறான்? உன் பால்தான். அந்தக் குடல் அழற்சி வருத்தத்தோடு பிள்ளையைச் சுமந்து பெற்று, பாலும் கொடுக்கிறாய். யாரிடம் சொல்லிப் பெருமைப்படுவது என்று தெரியவில்லை.

மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வருவீர்கள் என்று உன் அறைக்கு வெள்ளையடித்தோம். பிள்ளை சின்னன், வரவில்லை என்றாய், சரி. ஆனால் "ரெயிலில் கக்கூசுக்குப் பக்கத்து சீற் கிடைக்காதம்மா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உடனே கதையை மாற்றினாய். மலத்தை அடக்க முடியாமல் இருக்கிறாயோ என்று மூன்று நாளாக அந்தச் சொல்லோடுதான் இருக்கிறேன். கோலில் கேட்டால் பிள்ளை அழுகிறான் என்று வைத்துவிடுவாய். அதுதான் எழுதுகிறேன்.

முதலில் மருந்து. குடல் அழற்சிக்குக் குடிக்கிற மெசலசீனை நிறுத்தாதே. பாலுக்குக் கூடாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதைக் குடித்துக்கொண்டே பால் கொடுக்கலாம், இதே வருத்தத்துக்குக் கொடுக்கிற அசதியோப்பிரினும் அப்படித்தான். மெதொற்றெக்சேற்தான் ஆகாது, அது உனக்குத் தரவேயில்லை. பிள்ளை பெற்ற பிறகு குடல் வருத்தம் திரும்பக் கிளம்புவது பலருக்கு மருந்தை விட்டதால்தான். தையல் நோவுக்கு டைக்ளோபினாக் இன்னும் போடுகிறாயா? அதுவும் குடலைக் கிளப்பலாம், உனக்குப் பரசிட்டமோல் போதும்.

மருமகன் அனுப்பிய டயக்னோசிஸ் காட்டை அன்றைக்கே வாசித்தேன். ஃபோசெப்ஸ் (ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தது), 3பி கிழிவு, ஒப்பரேஷன் தியேட்டரில் தைத்தது. 3பி என்றால் ஆசனவாயைச் சுற்றியுள்ள வெளித்தசை பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது, உள்தசை தப்பியிருக்கிறது. முதல் பிரசவம், ஃபோசெப்ஸ் இரண்டும் சேர்ந்தால் இது நடக்கிறதுதான். நீ முக்கத் தெரியாமல் முக்கியதால் வந்ததில்லை. ஒழுங்காகத் தைத்தவர்களில் பத்துக்கு ஆறு முதல் எட்டுப் பேர் ஒரு வருடத்தில் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பார்கள்.

ஆனால் மகள், அவர்களுக்கு உன் குடல் இல்லை. கட்டியாக வரும் மலத்தைப் பலவீனமான தசையும் ஒருமாதிரிப் பிடித்துவைக்கும். தண்ணியாக வருவதைப் பிடிக்க நல்ல தசையே திணறும். அதனால் உனக்கு இரண்டு கேள்வி இருக்கிறது: குற்றம் குடலிலா, தசையிலா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இரத்தமும் சளியும் போனால், போகிற தடவை கூடினால், இரவில் நித்திரையிலிருந்து வயிறு எழுப்பினால் குடலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புண்பட்ட மலக்குடல் விரிந்துகொடுக்காது, ஒள்ளுப்பம் வந்தாலும் அவசரப்படுத்தும். மலம் கட்டியாக இருந்தும் கக்கூஸ் வரைக்கும் அடக்க முடியாவிட்டால் அது வெளித்தசை. தெரியாமலே துணியில் பட்டிருந்தால் உள்தசையையும் பார்க்கச் சொல்ல வேண்டும். மலத்தில் கல்ப்ரோடெக்டின் சோதிக்கச் சொல்லிக் கேள், அழற்சி இருக்கிறதா என்று அது காட்டும். தசைக்கு, ஆசனவாய் வழியாகச் செய்கிற ஸ்கேன் இருக்கிறது. கொப்பி ஒன்றில் இரண்டு கிழமைக்கு எழுது: எத்தனை மணி, கட்டியா தண்ணியா, இரத்தமா, ஓடவேண்டி வந்ததா, கசிந்தது காற்றா தண்ணியா கட்டியா. வாயால் சொல்ல வெட்கமென்றால் கொப்பியை டொக்டரிடம் நீட்டு.

இன்னொன்று. மருமகன் பாமசியில் நின்றபடி கோல் எடுத்தவர், மலத்தை இளக்குகிற லக்டுலோஸ் பாணி முடிந்துவிட்டதாம். மலம் இறுகித் தையலைப் பிரிக்காமல் இருக்கத்தான் அதைத் தருவது, ஏறக்குறைய 10 நாளுக்கு. பத்தாம் கிழமையிலும் ஏன்? இளகிப்போகிற வயிற்றை அது இன்னும் ஓடவைக்கும். நாளைக்கே கேள். அதற்காக நீயே வயிற்றோட்டத்தை நிறுத்துகிற லோபெரமைட் வாங்கிப் போடாதே. அது குடலை மெதுவாக்கும், ஆசனவாயையும் ஒள்ளுப்பம் இறுக்கும், நல்ல மருந்துதான். ஆனால் குடல் கொதித்து இரத்தம் போகிற நேரத்தில் போட்டால் பெருங்குடல் வீங்கி ஆபத்தாகலாம். டொக்டர் சொன்னால் மட்டும்.

தசைக்குப் பயிற்சி செய். பக்கவாட்டில் படுத்து, காற்றை அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்கி மேலே இழு, அப்படியே முன்பக்கத்தையும் இழு. 10 வரை எண்ணப் பார், முடியாவிட்டால் 4 போதும். அதேயளவு நேரம் முழுதாகத் தளர்த்து. பத்துத் தடவை. மறுகா சட்டுச்சட்டென்று பத்து. ஒரு நாளைக்கு மூன்று முறை. மூச்சைப் பிடிக்காதே, பிட்டத்தையும் தொடையையும் இறுக்காதே. மூன்று மாதமாவது விடாமல் செய். ஒரு கிழமை செய்து பார்த்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று விடுகிற ஆள் நீ, எனக்குத் தெரியும்.

வயிற்றை இறுக்கிக் கட்டாதே, அழுத்தமெல்லாம் கீழே இறங்கும். கழுவினால் துடைக்காமல் ஒற்றி எடு. எரிந்தால் வாசனையில்லாத வசலின். யோனி வழியாகக் காற்றோ மலமோ வந்தால், காய்ச்சலோ சீழோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, என் கோலுக்குக் காத்திராதே.

மகள், ஒன்று சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வயதில் உனக்கு இரத்தம் போனபோது, அயலட்டை கேட்டால் மூலம் என்று சொல்லச் சொன்னது நான். கல்யாணம் பேசி வந்தபோது "வாய் திறக்காதே" என்று சொன்னதும் நான்தான். மருத்துவமாதாக வீடு வீடாக ஏறி இறங்கினவள். பால் வருகிறதா, தையல் நோகிறதா, இரத்தம் கூடவா என்று எல்லாம் கேட்டேன். "பின்னால் கசிகிறதா" என்று ஒரு தாயிடமும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள் என்று தெரிந்தும் கேட்கவில்லை. என் மகளையும் அந்த மாதிரியே மறைக்கப் பழக்கினேன். நீ சொல்லவில்லை என்று இப்போது கோபப்பட எனக்கு உரிமையில்லை. இருந்தும் கோபம் வந்தது.

மருமகன் உன் வருத்தத்தை அறிந்து மூன்று வருடமாகிறது. ஒரு நாளும் முகம் சுளித்தவரில்லை. அவருக்கு இதையும் சொல்லு. அடுத்த பிள்ளையைப் பற்றிய கதை வருமுன் டொக்டருக்கும் தெரியவேண்டும். கசிவு நின்றிராவிட்டால் சிசேரியன் பற்றி அவர்கள் பேசுவார்கள். மருந்தை நிறுத்தாதே.

வெள்ளிக்கிழமை இரவு ரெயிலில் வருகிறேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்கு இடித்திருக்கிறேன், உன் வயிற்றுக்கு மிளகைப் பாதியாகக் குறைத்து. பழைய பருத்திச் சேலைகளைத் துண்டுதுண்டாக வெட்டி அவித்துக் காயவைத்திருக்கிறேன். குசினியில் நீ உட்கார்ந்து தேங்காய் துருவுகிற அந்தச் சின்னப் பலகையையும் கொண்டு வருகிறேன். கொமட்டில் இருக்கும்போது காலடியில் வை, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும், முக்கத் தேவையில்லை. ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம், பிள்ளையோடு நித்திரை கொள்ளுங்கள்.

அம்மா